சாக்குத் துணி டாங்கி

போன மாதம் நாம் பழைய பள்ளிக்கூடத் தோழிகள் எல்லோரும் கூடியபோது உங்களில் ஒருத்தி என்னைக் கேட்டாள். "அஞ்சாம் கிளாஸ் லீவுல நீ தெருவுக்கே வரலியே, என்னடி ஆச்சு அந்த வருஷம்?" அம்மை போட்டிருந்தது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இனிமேல் மழுப்பி என்ன ஆகப்போகிறது? அந்த லீவு முழுக்க எங்கள் வீட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் ஆபீஸில் அப்போது ஒரு மேனேஜர் இருந்தார். அவருக்குச் சினிமாப் பைத்தியம். அவருடைய மச்சினர் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன மூவி கேமரா கொண்டுவந்து கொடுத்ததும், எல்லையில் நடக்கிற சண்டையை வைத்து முக்கால் மணி நேரப் படம் எடுத்து ஆபீஸ் ஆண்டு விழாவில் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அவர். சிப்பாய்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள். டாங்கி, பதுங்குகுழி, முள்வேலி, துப்பாக்கி, இரும்புத் தொப்பி இவ்வளவும் அப்பா தலையில் விழுந்தன.

காரணம், எங்கள் வீட்டுக் கொலு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு பார்க் போடுவார். தீப்பெட்டியில் ரயில், கண்ணாடித் துண்டில் குளம், ஸ்பாஞ்சில் மரம். ஒரு வருஷம் மேனேஜர் குடும்பத்தோடு சுண்டலுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்த ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்குத் தாம்பரத்தில் அப்போது எங்களுடையது ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் துவைக்கிற கல் போட்ட சின்ன முற்றம். ஏப்ரல் முதல் வாரத்தில் மரத்தூள் வந்து இறங்கியது. மர டிப்போவிலிருந்து மூட்டை மூட்டையாக. சின்னச் சின்னச் சாக்குகளில் அதை நிரப்பினால் மணல் மூட்டை மாதிரியே இருக்கும், தூக்கவும் லேசு. அறுபது மூட்டைகள். மழை கிழை வந்தால் நனைந்துவிடும் என்று ஹாலிலேயே அடுக்கினார் அப்பா. முதலில் ஒரு சுவர். பிறகு ஜன்னல் மறைந்தது. பிறகு இன்னொரு ஜன்னல். பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். நான் படுக்கிற இடத்தில் துப்பாக்கிகள் காய்ந்தன. என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. நாலு அடி நடக்கக்கூட இடமில்லாமல் சமையலறை வாசலில் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பான்.

அந்த வாசனையை இன்று நினைத்தாலும் தொண்டையில் வந்து உட்காரும். மைதா பசை கிண்டி, பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார் அப்பா. பழைய பேப்பரைக் கிழித்து அந்தப் பசையில் தோய்த்து, அம்மாவின் பொரியல் சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒட்டி, காய்ந்ததும் உருவி எடுத்தால் இரும்புத் தொப்பி. கையெறி குண்டுக்கு, கீழே உதிர்ந்த தென்னங்குரும்பைகளைப் பொறுக்கிக் கறுப்பு மை பூசினார். கயிற்றில் தகரத் துண்டுகளை முறுக்கிச் சொருகி முள்வேலி. ஒவ்வொன்றையும் முடித்ததும் கொஞ்ச தூரம் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். தள்ளி நிற்க வீட்டில் இடம் கிடையாது. மூட்டை மேல் முதுகை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்.

அந்த லீவில் நான் பெங்களூர் சித்தி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சித்தி வீட்டில் ஊஞ்சல் இருந்தது, என் வயதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "படம் முடியட்டும்மா, அப்புறம் கொண்டுபோய் விடறேன்" என்றார் அப்பா. ஏப்ரல் போனது. மே மாதம் பாதி போனது. நீங்களெல்லாம் தெருவில் கத்துவது கேட்கும். சாயம் காயும்போது ஈ உட்காராமல் விசிறுவது என் வேலை.

அம்மா தினமும் கேட்பாள். "ஞாயித்துக்கிழமைகூட ஒரு மனுஷனை விடமாட்டாங்களா?"

அப்பா தலை நிமிராமல் பதில் சொல்வார். "மேனேஜர் சொன்னா மாட்டேன்னா சொல்ல முடியும்? நாளைக்கே ராமநாதபுரத்துக்குத் தூக்கியடிச்சா நீ வந்து கேப்பியா?"

அதற்கு மேல் அம்மா பேச மாட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் நேரமில்லாமல், கையெல்லாம் பசை வெடித்து, கணவன் யாருக்கோ அடிமை வேலை செய்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா அந்த வேலையைச் செய்யும்போது மெல்ல விசிலடிப்பார் என்பதை இரண்டு பேருமே கவனித்தும் கவனிக்கவில்லை. நாற்பதை நெருங்குகிற ஒரு குமாஸ்தா, இரண்டு பிள்ளை பெற்றவன், அட்டையையும் பசையையும் வைத்து விளையாட ஆசையாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்? மேனேஜர் பெயரைச் சொல்லிவிட்டார். இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

டாங்கி மே மாதம் மூன்றாம் வாரத்தில் தயாரானது. காய்கறித் தள்ளுவண்டி ஒன்றின் மேல் மூங்கில் கூடு கட்டி, சாக்கைப் போர்த்தி, சாக்கு மேல் பேப்பர் ஒட்டி, பச்சையும் காவியும் கலந்து பூசியிருந்தார். சக்கரங்களுக்கு பிஸ்கட் டின் மூடிகள். பீரங்கிக் குழாய்க்கு, ஜவுளிக்கடையில் துணி சுற்றி வருகிற நீள அட்டைக் குழாய். குழாய்க்குள் முகப்பவுடரைக் கொட்டி, உள்ளேயிருந்து சைக்கிள் பம்பால் ஓங்கி அடித்தால் வெள்ளையாகப் புகை கிளம்பும். ஆனால் உள்ளே பெரியவர்கள் யாரும் நுழைய முடியவில்லை. மூங்கில் இடித்தது.

"பாப்பா உக்காரலாம் சார்" என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை.

படம் எடுத்தது திருநீர்மலைக்குப் பக்கத்தில், வற்றிக் கிடந்த ஏரியில். மலைதான் எல்லை மலை. கோபுரம் கேமராவில் விழாமல் எடுக்க வேண்டும் என்று மேனேஜர் வெயிலில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் பயிற்சி விமானம் ஏதாவது பறந்தால், "எல்லாரும் படுங்கய்யா, படுங்க! ஃப்ரீயா கெடைக்குது!" என்று கத்துவார். கர்ச்சீப்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குமாஸ்தாக்கள் குப்புற விழுவார்கள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை டாங்கிக்குள் ஏற்றினார்கள். பின்பக்கச் சாக்கு காற்றில் படபடத்தது. "இது டாங்கியா, பொரிகடலைக் கடையா?" என்றார் மேனேஜர். அப்பா கோணி ஊசியை எடுத்தார். நான் உள்ளே இருக்க, வெளியிலிருந்து சாக்கைச் சேர்த்துப் பிடித்துத் தைத்தார். ஊசி உள்ளே வரும், போகும். ஒவ்வொரு தையலுக்கும் கொஞ்சம் வெளிச்சம் குறைந்தது. கடைசித் தையலைப் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரந்தாம்மா" என்றார்.

உள்ளே உட்கார்ந்தபடி நிமிர முடியாது. முன்னால் பார்ப்பதற்கு ஒரு சாண் நீளத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெட்டு. தூரத்தில் நாலு பேர் கயிற்றைக் கட்டி இழுக்க, டாங்கி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது. நான் பம்பை அடித்தேன். புகை நன்றாகத்தான் வந்தது. பாதி உள்ளேயே திரும்பி வந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். நாலாவது தடவை, மேலே காய்ந்து அடியில் ஈரமாயிருந்த இடத்தில் முன் சக்கரம் இறங்கிவிட்டது. இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வெயிலை மேகம் மறைத்தது.

"சரி, இது அப்படியே இருக்கட்டும். கைதி சீனை ரிகர்சல் பாத்துடலாம்" என்று மேனேஜர் குரல் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

டாங்கிக்குள் ஒரு ஆள் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். மேகம் நகர்ந்து வெயில் திரும்பி வந்தது. சாக்கு சூடாகி, காய்ந்த பசை வாசனை மறுபடி எழுந்தது. முதலில் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். வாயெல்லாம் பவுடர், சத்தம் வரவில்லை. தையலைப் பிரிக்கப் பார்த்தேன். சணல் விரலை அறுத்தது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தது, ஒரு கட்டத்துக்கு மேல் அடக்க முடியவில்லை. பாவாடை நனைந்தது. பத்து வயதுப் பெண். அந்த ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வெட்டு வழியாகப் பார்த்தேன்.

அப்பா முட்டி போட்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு. மேனேஜர் கட்டைத் துப்பாக்கியை அவர் கழுத்தில் வைத்து, "எந்திரிடா நாயே!" என்று கத்தினார். அப்புறம் ஷூ போட்ட காலைத் தூக்கி அவர் முதுகில் வைத்து அழுத்தினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் தோள் குலுங்கியது.

அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். கைதியாக நடிக்க வேண்டிய குமாஸ்தா அன்று வரவில்லை என்று காலையில் வரும்போது வேனிலேயே பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பதில் அப்பா. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நீங்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொட்டலம் பிரிக்கும்போதுதான் ஆபீஸ் பியூன் அண்ணனுக்கு ஞாபகம் வந்து ஓடி வந்து தையலைப் பிரித்தார். "இன்னா பாப்பா, இப்டி வேர்த்துகினு கீற? கூப்டக் கூடாதா?" என்று என்னைத் தூக்கி இறக்கினார். பாவாடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். அப்பா முகமெல்லாம் மண்ணோடு வந்து, "பொகை எப்படி வந்துச்சு தெரியுமா! மேனேஜர் அசந்துட்டார்" என்றார். துண்டை அவர் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை முற்றத்துக்கு அழைத்துப்போய்ப் பாவாடையை அவிழ்த்துக் கல்லில் போட்டாள். அப்பா உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்னடி நடந்துச்சு?"

"அப்பாவை முட்டி போட வெச்சாங்கம்மா."

அம்மாவின் கை நின்றது. "யாரு?"

"மேனேஜர். துப்பாக்கியால குத்தி, நாயேன்னு சொன்னார். காலால மிதிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க."

"மிதிச்சாரா?"

"ஷூ காலால. முதுகுல."

"அப்பா என்ன பண்ணார்?"

"ஒண்ணும் சொல்லல. கையைத் தலைமேல வெச்சுகிட்டு அப்படியே இருந்தார்."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன். அந்த யுத்தம் நிற்க வேண்டும், மூட்டைகள் போக வேண்டும், நான் பெங்களூருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

அம்மா ரொம்ப நேரம் பாவாடையைத் தேய்த்தாள். பிறகு என் முகவாயைப் பிடித்து, "இதை நீ பார்த்தேன்னு அப்பாகிட்ட எப்பவும் சொல்லாதே. அவர் தாங்க மாட்டார்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை, அப்பா ஆபீஸ் போன பிறகு, தம்பியைப் பக்கத்துப் போர்ஷனில் விட்டுவிட்டு என்னை அழைத்துக்கொண்டு குரோம்பேட்டையில் இருந்த மேனேஜர் வீட்டுக்குப் போனாள். மேனேஜரின் மனைவி எங்களை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். எனக்கு ஒரு தட்டில் முறுக்கு.

"உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா படமே இல்லேன்னு இவர் சொல்லிகிட்டே இருப்பார்" என்றார் அந்த அம்மா, சந்தோஷமாக.

என் அம்மாவின் முகம் இறுகியது. "சின்னப் பையனுக்கு மரத்தூள் ஒத்துக்கலைங்க. இழுப்பு மாதிரி வருது. வீட்டுல வெச்சுக்க முடியல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரை விட்டுடச் சொல்லுங்கம்மா. அவரா வந்து கேட்க மாட்டார்" என்றாள்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா ஆபீஸிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் ஹால் நடுவில் நின்றார்.

"நீ அவர் வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"மரத்தூள்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூட்டையைத் தூக்கி வெளிய போட்டிருப்பேனே. எனக்குத் தெரியாம அங்க போய் நின்னியே. 'நீங்க முதல்ல குடும்பத்தைப் பாருங்க சார்'னு எல்லார் எதிர்லயும் சொல்றார்."

அம்மா சமையலறைக்குள் போனாள். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அவளிடம் பதில் இருந்தது. நீங்கள் முட்டி போட்டது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பதற்காக அதை விழுங்கிவிட்டாள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன்.

அந்த வாரமே பியூன் அண்ணன் வண்டி கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனார். ஜன்னல்கள் திறந்தன. நான் பெங்களூர் போனேன். ஊஞ்சல் ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

படத்தை எப்படியோ முடித்து ஆண்டு விழாவில் காட்டினார்கள். நாங்கள் போகவில்லை. "சார் இல்லாம டாங்கி ஒரு பக்கமா சாஞ்சுகிச்சு, பீரங்கி வேற தொங்கிச்சு. ஜனங்க ஒரே சிரிப்பு" என்று பியூன் அண்ணன் வாசலில் நின்று சொன்னார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

அந்த வருஷம் கொலுவுக்குப் படி கட்டும்போது அம்மாவே கேட்டாள். "பார்க் போடலியா?"

"எதுக்கு? வீடெல்லாம் குப்பையாகும்."

அதற்குப் பிறகு போடவே இல்லை. ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் ஆளைக் கூப்பிடு என்பார். ஆபீஸ், வீடு, பேப்பர், தூக்கம். சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு குறையும் இல்லாமல் கவனித்துக்கொண்டார்கள். அம்மா அவருக்கு வேளை தவறாமல் பரிமாறினாள், அவர் அவளுக்கு மருந்து வாங்கி வந்தார். ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சும்மா பேசியது எனக்கு ஞாபகம் இல்லை. எனக்குக் கல்யாணமாகி வெளியே வந்தபோது, அடைத்து வைத்த இடத்திலிருந்து வெளியே வந்த மாதிரிதான் இருந்தது. எதை வைத்து அடைத்திருந்தது என்று நின்று யோசிக்கவில்லை.

அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு எண்பத்தெட்டு. மேடவாக்கத்தில் என்னோடுதான் இருக்கிறார். பால்கனியில் உட்கார்ந்து, கீழே தண்ணி லாரி வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் அம்மா திதியன்று, சாப்பிட்டு முடித்து, வாழை இலையை மடித்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மா நல்லவதான். ஆனா நான் சந்தோஷமா இருந்தா மட்டும் அவளுக்குப் பிடிக்காது."

"ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க?"

"ஒரே ஒரு தடவைதான் இருந்தேன். மரத்தூளைச் சாக்கு வெச்சுப் போய் நிறுத்திட்டு வந்துட்டா."

அப்போதுதான் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. டாங்கிக்குள்ளிருந்து பார்த்தது, துவைக்கிற கல்லில் சொன்னது, சொல்லாமல் விட்டது, அம்மா என் முகவாயைப் பிடித்துச் சொன்னது, முறுக்கு. எல்லாவற்றையும். முடித்ததும், கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"நான் சிரிச்சுகிட்டு இருந்தேன்" என்றார். "அந்த ஆளுக்கு வசனம் மறந்துபோய், நாயே நாயேன்னே சொல்லிகிட்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியல. உனக்கு முதுகுதானே தெரிஞ்சுது."

"ஆமாம்ப்பா."

"அவ எனக்காகவா போனா?"

"ஆமாம்ப்பா."

எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. காபி வைத்தால் குடித்தார், கூப்பிட்டால் வந்து சாப்பிட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கேட்டு வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

நாலாம் நாள் காலையில், பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு அவ என்ன புடவை கட்டிகிட்டுப் போனா?"

"எங்கப்பா?"

"மேனேஜர் வீட்டுக்கு. எனக்காகப் பேசப் போனாளே, அன்னிக்கு."

யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டு நாற்காலி ஞாபகம் வந்தது. மோர் டம்ளர் ஞாபகம் வந்தது. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். புடவை ஞாபகம் வரவில்லை. நீலம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"ஞாபகம் இல்லப்பா" என்றேன். "வந்தா சொல்றேன்."

"சரி. யோசிச்சுச் சொல்லு" என்றார். "அவசரமில்ல."